கடலுக்குள் ஒரு சமையற்கட்டு

ஐதராபாத்தில் கடல் கிடையாது. ஹுசேன் சாகர் என்ற ஏரி இருக்கிறது. பெயரில் சாகரம் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அந்த ஊரில் பிறந்து, எழுபத்தோரு வயது வரை ஓர் அலையைக்கூடப் பார்க்காத சகீனா ஆப்பா, தன் தாய்வீடு நடுக்கடலில் இருப்பதாக நாற்பது வருடமாக எங்கள் நாச்சாரம் சந்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆப்பா என்றால் அக்கா. தண்ணீர் லாரி வரும் நாட்களில் குடத்தோடு முதலில் நிற்பதும், பின்னால் நிற்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதும் அவள் வழக்கம்.

ஆப்பாவின் முன்னோர் எந்தக் காலத்திலோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அப்பா வழியினர் நிஜாமின் குதிரைப்படையில் இருந்தார்கள். அம்மா வழியினர் மராட்டியக் கரையோரம் ஜஞ்ஜிரா என்ற தீவுக்கோட்டையில் இருந்தார்கள். அந்தக் கோட்டையை ஆண்ட, சித்தி என்ற பட்டப்பெயர் கொண்ட நவாபுகளும் ஆப்பிரிக்க வம்சம்தான். "எங்க கோட்டையை ஒருத்தனும் பிடிச்சதில்ல" என்பாள். அவளுடைய தாத்தாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவது.

ஆப்பாவின் அம்மா அந்தக் கோட்டைக்குள் பிறந்து, ஐதராபாத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தன் வீட்டுக்கு அடையாளம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். குளத்தைப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே சமையற்கட்டு. அதன் தரைக் கல்லிலேயே குடைந்த உரல்குழி.

கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆப்பாவின் பேரன் இம்ரான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தேடிவிட்டுச் சந்தில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னான்: "நானி, அது சிப்பாய்ங்க இருந்த கோட்டை. பீரங்கி போட்டிருக்கு, கொத்தளம் போட்டிருக்கு. சமையல்கட்டு எதுவும் போடலையே! உங்கம்மா சும்மா அடிச்சு விட்டிருக்காங்க."

சந்து சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முந்தானைக்குள் சிரித்ததால் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆப்பா என் வீட்டு வாசலில் நின்றாள். "கிளம்பு பாக்கியம். அந்த வீட்டைப் பார்த்துட்டு வரலாம்."

"நான் எதுக்கு ஆப்பா?"

"நீ வாயைத் திறக்கமாட்டே. வாயைத் திறக்காதவ ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க நம்புவாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நான் நிறையப் பேசிட்டேன்."

என்னைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தேன். என் வீட்டுக்காரரும் ஆப்பாவின் வீட்டுக்காரரும் ஒரே ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்கள். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். இப்படிப்பட்டவளை நம்பி ஒருத்தி தன் தாயின் பேச்சுக்குச் சாட்சியாக அழைத்துக்கொண்டு போனாள்.

ரயில் எங்களைச் சரியாகத்தான் கொண்டுபோய் விட்டது. ரயில்வேக் குடும்பங்கள் ரயிலில் தொலைவதில்லை. பஸ்ஸில்தான் தொலைந்தோம். எனக்குத் தமிழும், எழுத்துக் கூட்டித் தெலுங்கும் படிக்க வரும். ஆப்பாவுக்கு உருது. பஸ்ஸின் நெற்றியில் மராத்தி. முருட் என்ற ஊரில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

"முருட் போகுமா?" என்றாள் ஆப்பா.

"போகும்" என்றார் கண்டக்டர்.

"அங்கே கடல்ல கோட்டை இருக்கா?"

"இருக்கு."

இதற்கு மேல் என்ன கேட்பது? ஏறி உட்கார்ந்தோம். மலை ஏறும்போது டயர் பஞ்சரானது. ஆண்கள் எல்லோரும் இறங்கிப் பீடி பிடித்தார்கள். ஆப்பா இறங்கி மேற்பார்வை பார்த்தாள். பக்கத்துக் கடையில் பன்னுக்குள் போண்டாவை வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மிர்ச்சி பஜ்ஜியை அப்படியே கையில் கொடுப்பார்கள். இங்கே பலகாரத்துக்குப் படுக்கை போட்டுக் கொடுக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டு ஆப்பா சொன்னாள்: "இது சாயா? பால் பாத்திரம் கழுவின தண்ணி."

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். மீன்கூடைகளும் மாட்டுவண்டிகளுமாக ஒரே கூச்சல். ஆப்பா தண்ணீரிடம் போகவில்லை. நாலு ஆள் தூரம் தள்ளியே நின்றாள். கடலுக்குள்ளே கறுப்பாக ஒரு கோட்டை கிடந்தது.

"அதோ வாசல்" என்றாள். "அம்மா சொன்ன வாசல். அந்த மரம் பார், அந்த மூலை பார், சொன்னது சொன்னபடி இருக்கு." இரண்டு கையையும் ஏந்திப் பிரார்த்தித்தாள். கண்ணீர் தாடை வரை இறங்கியது. அழுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் எனக்கும் வந்துவிடும். நானும் அழுதேன்.

கூடையை இறக்கிவைத்த மீன்காரி ஒருத்தி எங்களைப் பார்த்து, யாராவது கடலில் போய்விட்டார்களா என்று கேட்டாள். ஆப்பா கதையைச் சொன்னாள். மீன்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மௌசி, இது சுவர்ணதுர்க்கம். மராட்டியர் கோட்டை. நீங்க சொல்ற ஜஞ்ஜிரா இன்னொரு முருட்டுல இருக்கு. அந்தக் கோட்டைக்காரங்களுக்கு இந்தக் கோட்டைக்காரங்க எதிரி."

ஆப்பா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோட்டையை மறுபடி ஒரு பார்வை பார்த்தாள். "வந்ததும் நினைச்சேன். களையே இல்ல."

அந்த நிமிடத்திலிருந்து எனக்குள் ஒரு கவலை புகுந்துகொண்டது. எதிரியின் கோட்டையில் வாசல், மரம், மூலை எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டவள், நாளைக்கு நிஜக் கோட்டையில் எதைக் காட்டி "இதுதான்" என்றாலும் நான் எப்படிச் சாட்சி சொல்வது?

சரியான முருட்டுக்குப் போக அன்றைக்குப் பொழுது முழுவதும் பிடித்தது. நடுவில் இரண்டு இடத்தில் பஸ், கார், மோட்டார்சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓர் இரும்புப் படகு அக்கரைக்குப் போகிறது. எங்கள் சந்தில் ஒரு தடவை தண்ணீர் லாரிக்காரனின் சட்டையையே பிடித்து நிறுத்திய ஆப்பா, அந்தப் படகில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தது.

"பயமா ஆப்பா?"

"சேச்சே. உனக்குப் பயமா இருக்குமேன்னு பிடிச்சேன்."

ஓட்டலில் மீன்குழம்பும் சோறும் போட்டு, பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு தம்ளர் வைத்தார்கள். ரோஸ்மில்க் என்று நம்பி ஒரு மடக்குக் குடித்தேன். புளிப்பு, பூண்டு, பச்சைமிளகாய். தேங்காய்ப்பாலில் போட்ட ரசம் என்று வைத்துக்கொள்ளலாம். துப்பக் கூச்சப்பட்டு விழுங்கினேன். இரண்டாவது தம்ளரைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் நாள் படகுத்துறையில் வரிசை. முன்னால் நின்ற பையன்கள் ஆப்பாவின் நிறத்தையும் முடியையும் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவன் துணிந்து இங்கிலீஷில் கேட்டான்: "மேடம், வேர் ஃப்ரம்?"

"நாச்சாரம்" என்றாள் ஆப்பா.

"நாச்சாரம்... அது எந்த நாடு?"

"மௌலாலி தாண்டி" என்றாள் தக்கினி உருதுவில். "எதுக்குக் கேட்கிறே? பெண் கொடுக்கப்போறியா?" வரிசை சிரித்தது. பையன் சிவந்துபோனான். நான் ஆப்பாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறவளை எந்த ஊர் என்று கேட்டால் என்ன சிரிப்பு வரும்?

பாய்மரப் படகில் எங்களை அடுக்கினார்கள். முனீர் பாய் என்ற படகுக்காரர்தான் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவரும். காற்று படகின் பாயைத் தள்ள, அவர் கதையைத் தள்ளினார்.

"முதல்ல இங்கே மரக்கோட்டை. மீனவத் தலைவருடையது. வெளியூர்க்காரன் ஒருத்தன் வியாபாரி மாதிரி கப்பல்ல வந்தான். 'ஐயா, காத்து சரியில்ல. என் பீப்பாய்களைக் கொஞ்சம் உள்ளே வச்சுக்கட்டுமா?'ன்னு கேட்டான். தலைவர் நல்ல மனுஷன். சரின்னார். பீப்பாய்க்குள்ள சரக்கு இல்ல, சிப்பாய்ங்க. கோட்டை போச்சு. அப்புறம்தான் கல்கோட்டை, சித்தி நவாபுங்க. அதுக்குப் பிறகு யாராலயும் பிடிக்க முடியல. மராட்டியர் கடல்ல கல்லைக் கொட்டிப் பாதை போடப் பார்த்தாங்க. எதிரே இன்னொரு கோட்டையே கட்டிப் பார்த்தாங்க. ம்ஹூம்."

"பீப்பாய்க்குள்ளயா?" என்றாள் ஆப்பா என் காதில். "அம்மா இதைச் சொல்லலையே."

எல்லாக் குடும்பத்திலும் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டை பக்கத்தில் வர வர, வாசலே தெரியவில்லை, சுவர்தான் தெரிந்தது. தண்ணீரிலிருந்து நேராக எழும்பிய கறுப்புச் சுவர். மிக நெருங்கிய பிறகுதான் ஒரு மடிப்புக்குள் வாசல் திறந்தது. பாசி பிடித்த படிகள். படகு ஏறி இறங்கியது. படிக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள் கடல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இளசுகள் தாவின. ஆப்பாவின் முறை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மௌசி, கை கொடுங்க" என்றார் முனீர் பாய்.

"நக்கோ." வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஆப்பா, உங்க கோட்டை" என்றேன்.

"நக்கோ பாக்கியம். என் கால் வரலை. நீ போ. பார்த்துட்டு வந்து சொல்லு. அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தேன்?"

எதிரிகள் யாராலும் நுழைய முடியாத கோட்டை என்று சொன்னார்களே, சொந்தக்காரியாலும் நுழைய முடியவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பின்னால் நின்றவர்களைக் காக்கவைக்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்திலேயே தாவிவிட்டேன்.

முக்கால் மணி நேரம்தான் என்றார் முனீர் பாய். வாசல் சுவரில் ஒரு புலியைச் செதுக்கியிருக்கிறார்கள். காலுக்கு ஒரு யானையாகப் பிடித்துவைத்திருக்கிறது. யானைகள் பூனைக்குட்டி அளவு. உள்ளே பீரங்கிகள், கூரை போன மாடங்கள், ஆலமரம் விழுங்கிக்கொண்டிருக்கும் சுவர்கள். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, நடுவில் வட்டமாக ஒரு நல்ல தண்ணீர்க் குளம். நாச்சாரத்தில் போர்வெல் போட்டால் புழுதிதான் வருகிறது. இவர்களுக்குக் கடலுக்குள் குடிதண்ணீர்.

எல்லோரும் பெரிய பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் முனீர் பாயின் பின்னால் போய் நின்று, "பாயி, அடுப்பு எங்கே இருந்துச்சு?" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். விழவில்லை. மூன்றாவது தடவை என்னை அறியாமல் கத்திவிட்டேன். கூட்டம் முழுவதும் திரும்பியது. நிலம் பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. நடுக்கடலில் அதுவும் ஆபத்து.

"அடுப்பா?" என்றார் அவர். "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. பீரங்கியைத்தான் கேட்பாங்க."

"வீடுங்க இருந்துச்சா?"

"இல்லாமலா? எங்கப்பா சின்னப் பையனா இருந்த காலம் வரைக்கும் குடும்பங்க இருந்துச்சு. பள்ளிக்கூடமே இருந்துச்சு. பிழைப்பு இல்லாம கரைக்குப் போனாங்க. கதவு, உத்திரம், ஓடு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போய் அங்கே வீடு கட்டிக்கிட்டாங்க. குளத்துக்குப் பின்னாடி பாருங்க. முள் இருக்கு, பார்த்துப் போங்க."

பீரங்கிக்கு அசையாத கோட்டையைக் கடைசியில் குடியிருந்தவர்களே கதவைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. நல்ல தேக்கை யார் விட்டுவிட்டுப் போவார்கள்?

குளத்துக்குப் பின்னால் இடுப்பளவுச் சுவர்கள் வரிசையாக நின்றன. முதல் வீட்டுக்குள் முள்ளை விலக்கிக்கொண்டு போனேன். தரைக் கல்லில் வட்டமாக ஒரு குழி. உள்ளே மக்கிய இலையும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும். கையால் அள்ளிப் போட்டுவிட்டுத் தடவிப் பார்த்தேன். குழியின் உட்புறம் கண்ணாடி போல் வழவழத்தது. எத்தனை கை இடித்திருந்தால் கல் இப்படி ஆகும்! ஆப்பாவின் அம்மா அடித்துவிடவில்லை. இருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பக்கத்து வீட்டுத் தரையிலும் ஒரு குழி தெரிந்தது. அதற்குப் பக்கத்திலும்.

மொத்தம் ஏழு. முனீர் பாயின் விசில் கேட்டது.

படகில் ஆப்பா என் முகத்தையே பார்த்தாள். "இருந்துச்சா?"

"இருந்துச்சு ஆப்பா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கரை வந்து சேரும் வரை என் கையை விடவில்லை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் ஒன்றும் இல்லையே. ஆனால் கரையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "நம்ம வீடுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கலை ஆப்பா. ஏழு வீடு இருக்கு. ஏழுலயும் குழி இருக்கு."

"எது ஜன்னல் குளத்தைப் பார்த்துச்சு?"

"ஜன்னலே இல்ல. சுவர் பாதிதான் நிக்குது. ஏழு வீட்டிலிருந்தும் குளம் தெரியுது."

ஆப்பா டீயைக் கீழே வைத்தாள். "சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன் பார் உன்னை! ஏதாவது ஒண்ணைக் காட்டி 'இதுதான் ஆப்பா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பொய்யா சொல்றது?"

"பொய் சொல்லமாட்டேன்னுதானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்! அதுவும் தப்பாப் போச்சு." கடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒரு வேலையை அடுத்தவங்களை நம்பி விட்டா இப்படித்தான். அடுத்த படகு எப்போ?"

கடல் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். என் மேல் இருந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கோட்டைப் படிக்கட்டு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு பேர் முன்னாலிருந்து இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, அல்லாவையும் தன் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டே ஒரே எட்டில் போய் விழுந்தாள். எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "மெதுவாப் பிடிக்கத் தெரியாதா? இவ்வளவுதான்னு காலையிலேயே சொல்லியிருந்தா நானே இறங்கியிருப்பேன்" என்று முனீர் பாயைத் திட்டினாள்.

பீரங்கிகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. குளத்துக்குப் பின்னால் நேராகப் போனாள். ஏழு வீட்டுக்கும் வரிசையாகப் போனாள். ஒவ்வொரு குழியிலும் கையை விட்டுப் பார்த்தாள். நான் "வாசல் இதோ, மரம் இதோ" என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆப்பா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது வீட்டுக்குத் திரும்பி வந்து, குழியின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இதுதான்."

"எப்படி ஆப்பா?"

"நிழல் இருக்கு. எங்கம்மாவுக்கு வெயில் ஆகாது."

சாட்சிக்கு இது போதுமா? போதாது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் குழியிலிருந்த குப்பையை வாரி வெளியே போட்டு, துப்பட்டா நுனியால் அதன் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் படகில் வந்த கணவன் மனைவி இருவர் இந்தப் பக்கம் வந்தார்கள். அவர் கொஞ்சம் கனமான மனிதர், பெரிய பூட்ஸ், கையில் போன். படம் எடுத்துக்கொண்டே வாசற்கல்லைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்.

"ஏய், பூட்ஸு!" என்றாள் ஆப்பா, தலையைத் தூக்காமலே. "வெளியே கழட்டிட்டு வா. சமையல்கட்டு இது."

"ஸாரி, மாஜி" என்றார் அவர். சொன்ன வேகத்திலேயே காலைப் பின்னால் எடுத்து, குனிந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். கூரை இல்லாத, கதவு இல்லாத, முள்செடி முளைத்த அந்த இடத்துக்கு வெளியே அவருடைய பூட்ஸும் அந்த அம்மாளின் செருப்பும் ஜோடியாக இருந்தன. அந்த அம்மாள் உள்ளே வந்து, மெதுவான குரலில், அடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டாள். ஆப்பா யோசிக்காமல் மூலையைக் காட்டினாள். "புகை அந்தப் பக்கம் போகும். கடல் காத்து."

நாச்சாரம் திரும்பிய அன்று மாலையே இம்ரான் வந்தான். நானியைக் கேட்கவில்லை; நேராக என்னிடம் வந்தான். சந்தில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பாக்கியம்மா, நீங்க சொல்லுங்க. நானியோட வீட்டைப் பார்த்தீங்களா?"

"அங்கே வீடுங்க இருந்துச்சுப்பா. சமையல்கட்டு இருந்துச்சு. குழி இருந்துச்சு. ஏழு. அதுல உங்க நானி வீடு எதுன்னு எனக்குத் தெரியாது. அவங்க உட்கார்ந்த வீட்டுக்குள்ள வந்தவங்க செருப்பைக் கழட்டிட்டு வந்தாங்க. அதைப் பார்த்தேன்."

அவன் என் காலைப் பார்த்தான். பிறகு, "நீங்களும் கழட்டினீங்களா?" என்றான்.

"நான் மறந்துட்டு அப்படியே நின்னேன்" என்றேன். "உங்க நானிகிட்டத் திட்டு வாங்கினப்புறம் கழட்டினேன்."